சாவு வீட்டில் அடுப்பு மூட்டியவள்

பீன்யா
16 ஜூன் 2024

மமதா அவர்களுக்கு,

முதலில் 'அண்ணி' என்று எழுதி அடித்துவிட்டேன். அடித்தது தெரிகிற மாதிரியே வைத்திருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

என் போன் எண்ணை நீங்களும் உங்கள் அம்மாவும் முடக்கிவிட்டீர்கள். தொம்மலூர் வீட்டுக் கேட்டில் வந்து நின்றால், "பாப்பா தூங்குது" என்று உங்கள் அம்மா ஜன்னல் வழியாகவே சொல்லி அனுப்பிவிடுகிறார். எந்தப் பிள்ளை சாயங்காலம் விளையாடுகிற நேரத்தில் தூங்கும்? அதனால்தான் ரிஜிஸ்டர் தபால். கையெழுத்துப் போட்டு வாங்கித்தானே ஆக வேண்டும்.

உங்கள் வக்கீல் அனுப்பிய காகிதக் கட்டு நேற்று வந்தது. உங்கள் தம்பியும் என் கணவருமான குணசேகர் இறந்தது மார்ச் மாதம். "லீவுக்கு நம்ம வீட்ல இருக்கட்டும்மா, நீயும் கொஞ்சம் ரெஸ்ட் எடு" என்று சொல்லி உங்கள் அம்மா என் மகள் மோனிகாவை அழைத்துக்கொண்டு போனது ஏப்ரல் மாதம். பள்ளிக்கூடம் திறந்தும் பிள்ளை வரவில்லை. இப்போது மனு வந்திருக்கிறது, அவள் நிரந்தரமாகப் பாட்டியிடமே வளர வேண்டுமாம். தாய்க்கு மனநிலை சரியில்லையாம். அதற்கு ஆதாரம் உங்கள் மனநலக் கிளினிக்கின் தலைப்புத் தாளில், உங்கள் கையெழுத்தோடு, இரண்டு பக்க அறிக்கை.

ஆங்கிலத்தில் இருந்ததை என் வக்கீல் கிளிஃபர்ட் வரிவரியாகத் தமிழில் சொன்னார். கணவரின் மரணத்தை ஏற்க மறுக்கும் நிலை. சூழலுக்குப் பொருந்தாத நடத்தை. இல்லாத குரல் காதில் கேட்பது. குழந்தையைத் தனியாக வளர்க்கத் தகுதியற்றவர். சொல்லும்போது அந்த மனுஷருக்கே குரல் இறங்கிவிட்டது. எனக்கு இறங்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நீங்கள் எப்போது என்னைப் பரிசோதித்தீர்கள் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். பிறகுதான் புரிந்தது. ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டிபன் கேரியரில் புளியோகரே சோறு எடுத்துக்கொண்டு வந்தீர்களே, அன்றைக்குத்தான். கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டீர்கள். "தூக்கம் வருதா ரஞ்சிதம்? பசிக்குதா? அவன் ஞாபகம் எப்படி வருது?" நானும் பைத்தியக்காரி மாதிரி எல்லாவற்றையும் சொன்னேன். "சாயந்திரம் ரோட்ல அவரு ஓட்டுன மாதிரி ஷட்டில் வேன் ஹாரன் கேட்டா, அவரு கீழேர்ந்து என்னைக் கூப்புடுற மாதிரியே இருக்குது அண்ணி. எழுந்து ஜன்னல் வரைக்கும் போயிடுறேன்" என்றேன். உங்கள் கண் கலங்கியது. நான் பார்த்தேன். கலங்கிய கண்ணோடு வீட்டுக்குப் போய் 'இல்லாத குரல் காதில் கேட்பது' என்று டைப் அடித்தீர்களா, அல்லது கண்ணைத் துடைத்துவிட்டா?

நான் அண்ணியிடம் பேசினேன். டாக்டர் கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

என் பிள்ளையை அனுப்புங்கள்.

ரஞ்சிதம்


தொம்மலூர்
25 ஜூன் 2024

ரஞ்சிதத்துக்கு,

நான் தமிழில் கடிதம் எழுதிப் பல வருஷமாகிறது. நீ தமிழில் எழுதியதால் நானும் எழுதுகிறேன்.

கோபத்தில் எழுதியிருக்கிறாய். கோபம் வருவதில் தப்பில்லை. ஆனால் உன்னைப் 'பைத்தியம்' என்று நான் எங்கேயும் எழுதவில்லை. அந்தச் சொல்லை எங்கள் தொழிலில் யாரும் பயன்படுத்துவதில்லை. அப்படி நினைத்துக்கொண்டு நீ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

ஒருவருடைய நடத்தை இயல்புக்கு மாறானது என்று வாய்க்கு வந்தபடி சொல்லிவிட முடியாது. அதற்கு அளவுகோல்கள் இருக்கின்றன. அந்த நடத்தை மற்றவர்களிடம் காண முடியாததாக இருக்கிறதா என்று பார்ப்போம். அது அந்த ஆளுக்கோ கூட இருப்பவர்களுக்கோ வேதனை தருகிறதா என்று பார்ப்போம். அன்றாட வேலைகளை, பொறுப்புகளைக் கெடுக்கிறதா என்றும் பார்ப்போம். கடைசியாக, யாருக்காவது ஆபத்து உண்டா என்று. இந்த நாலையும் நான் வருஷா வருஷம் மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறேன். யாருக்கும் ஒன்றை மட்டும் வைத்து முடிவு சொல்லக் கூடாது என்பதையும் சேர்த்தேதான் நடத்துகிறேன். உனக்கும் நாலையும் வைத்துத்தான் பார்த்தேன்.

என் தம்பியின் உடல் கூடத்தில் கிடந்தது. சவம் கிடக்கும் வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்பது தெரியாதவர்கள் யாராவது இருக்கிறார்களா? நீ சமையலறைக்குள் போய் அடுப்பைப் பற்றவைத்து ஐம்பது பேருக்கு டீ போட்டாய். அழவில்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. "சர்க்கரை பத்துமா?" என்று எங்கள் சித்தப்பாவிடம் கேட்டாய். அம்மா அதைப் பார்த்து மயங்கி விழுந்தாள். பத்தாம் நாள் வளையலைக் கழற்ற மாட்டேன் என்றாய். மறுவாரம் தலையில் பூ வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாய். இதெல்லாம் இயல்பா? நெஞ்சைத் தொட்டுச் சொல்.

ஆபத்தைப் பற்றியும் சொல்கிறேன். அவன் ஓட்டிய வண்டியிலேயே, அவன் உயிர் போன அதே டிரைவர் சீட்டில், ஏழு வயதுக் குழந்தையை உட்காரவைத்து, "இங்கதான் அப்பா செத்துப்போனாரு" என்று காட்டியிருக்கிறாய். வண்டியை இப்போது ஓட்டும் கண்ணாவே என்னிடம் சொன்னான். சொல்லும்போது அவன் அழுதான். நீ அழவில்லையாம்.

மோனிகா இங்கே நன்றாக இருக்கிறாள். நேரத்துக்குச் சாப்பிடுகிறாள். அம்மாவுக்கும் அவள்தான் துணை. நீ முதலில் ஒரு நல்ல மருத்துவரைப் பார். என்னிடம் வேண்டாம், என் சீனியர் டென்சிலிடம் அனுப்புகிறேன்.

மமதா


பீன்யா
7 ஜூலை 2024

மமதா அவர்களுக்கு,

ஐம்பது பேருக்கு டீ போட்டது குற்றம் என்கிறீர்கள். ஏன் போட்டேன் என்று நீங்கள் கேட்கவே இல்லை. இத்தனை வருஷம் படித்தவர், எதிரில் இருக்கும் ஆளிடம் "ஏன் அப்படிச் செய்தாய்?" என்று ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?

நாங்கள் தங்கவயல்காரர்கள். என் அப்பா சுரங்கத்துக்குள் பாறை சரிந்து செத்தார். உள்ளே செத்தவரை மேலே கொண்டுவர எவ்வளவு நேரமாகும் என்று யாருக்கும் தெரியாது. அதுவரை தெருவே வாசலில் காத்துக்கொண்டிருக்கும். எங்கள் தெருவில் அப்போது யார் வீட்டுக்காரன் உள்ளே இருக்கிறானோ அவள் கையில்தான் டீ பாத்திரத்தைக் கொடுப்பார்கள். "நீ போடுடி, நாங்க குடிக்கிறோம்" என்பார்கள். அவள் கை சும்மா இருக்கக் கூடாது, அதற்காக. அவள் போட்டுக்கொண்டே இருப்பாள், இவர்கள் வேண்டாவிட்டாலும் வாங்கிக் குடித்துக்கொண்டே இருப்பார்கள். அம்மா அப்படித்தான் போட்டாள். நான் பக்கத்தில் நின்று டம்ளர் கழுவினேன். உங்கள் வீட்டுக் கூடத்தில் அவரைக் கிடத்தியதும் என் கால் தானாக அடுப்படிக்குப் போனது. எங்கள் தெருவில் அது துக்கம். உங்கள் தெருவில் நோய். மற்றவர்களிடம் காண முடியாதது என்கிறீர்களே, எந்த மற்றவர்கள்? யார் யாரையெல்லாம் எண்ணினீர்கள்?

இன்னொன்று. முதலில் கேட்டது உங்கள் சித்தப்பாதான். "ஏம்மா, காலைலேர்ந்து ஒண்ணும் இல்ல, சொல்ப டீ, கொஞ்சமாச்சும் கெடைக்குமா?" என்றார். இரண்டு டம்ளர் குடித்தார். அவரை உங்கள் சீனியரிடம் அனுப்பினீர்களா?

வளையல் விஷயம். நாங்கள் பௌத்தர்கள், கருமாதி செய்வதில்லை, தாலி அறுப்பதில்லை, வளையல் உடைப்பதில்லை. இது உங்கள் தம்பிக்குத் தெரியும். தெரிந்துதான் ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டார். உங்களுக்கும் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து உங்கள் அம்மா எங்கள் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை, தெரியுமா? பையில் பாட்டில் எடுத்துக்கொண்டு வருவார். காலி பாட்டிலோடு திரும்பிப் போவார். அது எந்த அளவுகோலில் வரும்? ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் என்பதால் அது இயல்பு, இல்லையா?

வேலைக்குப் போனது பொறுப்பைக் கெடுப்பதா? வேலைக்குப் போகாமல் படுத்திருந்தால் அதையும் எழுதியிருப்பீர்கள், 'செயல்பட முடியாத நிலை' என்று.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு மறுபடி கேட்டில் வந்து நின்றேன். நீங்கள் வீட்டில் இல்லை. உங்கள் அம்மா உள்ளே பூஜையில் இருந்தார். மோனிகா ஓடிவந்தாள். கேட்டுக் கம்பிக்கு நடுவில் கையை விட்டு அவள் கன்னத்தைத் தொட்டேன். அவள் பின்னால் நகர்ந்தாள்.

"நீ பொய் சொன்ன" என்றாள். "அப்பா செத்துப்போகல. துபாய்ல வண்டி ஓட்டுறாரு. ஆயா சொன்னாங்க. டெய்லி அப்பாக்குத் தட்டு வச்சி சோறு போடுறாங்க. நைட்ல வந்து சாப்ட்டுட்டுப் போயிடுவாராம்."

பிறகு அவள் கேட்டாள், "ம்மா, உனக்கு மண்டைல கோளாறா? அத்தைகிட்டதான் காட்டணுமாமே?"

மமதா அவர்களே, யார் அந்த வீட்டில் மரணத்தை ஏற்க மறுக்கிறார்கள்? இந்த வரியை யார் பெயருக்கு நேராக எழுதியிருக்க வேண்டும்? உங்கள் அம்மாவுக்கு நோய் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே மகனைப் பறிகொடுத்தவர், தட்டு வைத்துவிட்டுப் போகட்டும். ஆனால் தட்டு வைக்கிற வீட்டில் என் பிள்ளை வளர வேண்டும், உண்மை சொன்ன வீட்டுக்கு வரக் கூடாது என்று நீங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

டிரைவர் சீட் விஷயமும் சொல்கிறேன். மோனிகாதான் கேட்டாள், "அப்பா எங்க செத்தாரு?" என்று. கேட்ட பிள்ளைக்கு இடத்தைக் காட்டினேன். நெஞ்சு வலித்தபோதும் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுத்தான் போனார், உள்ளே இருந்த ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை என்று சொன்னேன். அந்த சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் தடவிப் பார்த்தாள். "அப்பா நல்ல டிரைவர்" என்றாள். அழுதாள். இதையெல்லாம் கண்ணா உங்களிடம் சொல்லவில்லையா, அல்லது உங்கள் காதில் விழவில்லையா?

ரஞ்சிதம்


தொம்மலூர்
15 ஜூலை 2024

ரஞ்சிதம்,

எங்களுக்கு உரிமம் கொடுக்கும் கவுன்சிலுக்கு உன் வக்கீல் புகார் எழுதியிருக்கிறார். நகல் முந்தாநாள் கிளினிக்குக்கு வந்தது. ரிசப்ஷனில் பிரித்துப் படித்திருக்கிறார்கள். சொந்தக் குடும்பத்து ஆளைப் பரிசோதித்தேன், சம்மதம் வாங்கவில்லை, சாவு நடந்து சில வாரங்களிலேயே முடிவு எழுதினேன் என்று மூன்று குற்றச்சாட்டு. என் இத்தனை வருஷத்து உழைப்பின் மேல் கை வைக்கிறாய். நான் படித்த படிப்பு என்னவென்று உனக்குத் தெரியுமா? தொம்மலூர் கார்ப்பரேஷன் பள்ளியிலிருந்து அந்தப் படிப்புக்குப் போனவள் நான் ஒருத்திதான். அதை ஒரு டீ டம்ளருக்காகக் கவிழ்க்கப் பார்க்கிறாய்.

அம்மாவைப் பற்றி நீ எழுதியது மிகவும் கீழ்த்தரம். அவள் குழந்தையிடம் துபாய் என்று சொன்னது எனக்குத் தெரியும். பெரியவர்கள் குழந்தைகளுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்வது வழக்கம்தான். அதை அறிக்கையில் எழுதத் தேவையிருக்கவில்லை. தண்ணீர் பாட்டில் கதையை இங்கே இழுக்காதே. அதைப் பற்றி நான் அம்மாவிடம் எத்தனை சண்டை போட்டிருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது.

அடுப்பு விஷயம், தங்கவயல் விஷயம் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. சரி. ஆனால் நான் என்ன செய்திருக்க முடியும்? குணா எனக்கு மூன்று வயது சின்னவன். என் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. அவன் கிடக்கிறான், நீ டம்ளரை எண்ணிக்கொண்டிருக்கிறாய். நீ ஒரு தடவை, என் தோளில் சாய்ந்து ஒரே ஒரு தடவை அழுதிருந்தால் நான் அந்த அறிக்கையை எழுதியிருக்கவே மாட்டேன்.

புகாரைத் திரும்பப் பெறச் சொல். அதன்பிறகு பேசலாம்.

மமதா


பீன்யா
24 ஜூலை 2024

மமதா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளைக் கிளிஃபர்ட்டிடம் காட்டினேன். "இதைக் கோர்ட்ல குடுத்தா கேஸே முடிஞ்சிடும்மா" என்றார். 'அழுதிருந்தால் எழுதியிருக்க மாட்டேன்' என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். அந்த நாலு அளவுகோலில் இது எத்தனையாவது? எனக்கு நோய் இருந்ததால் எழுதவில்லை, நான் உங்கள் தோளில் சாயவில்லை என்பதால் எழுதினீர்கள். கொடுக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன், இப்போதைக்கு.

நான் அழுதேனா, எங்கே அழுதேன், எப்படி அழுதேன் என்று உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அதுவும் ஒரு பத்தியாகிவிடும். நாலு பேர் பார்க்க அழுதால் அது 'கட்டுப்பாடற்ற அழுகை', தனியாக அழுதால் 'தனிமைப்படுத்திக்கொள்ளுதல்'. உங்களிடம் எதற்கும் ஒரு பெயர் இருக்கிறது.

அந்த அறிக்கை என்ன செய்திருக்கிறது என்று கேளுங்கள். மனு விஷயம் எப்படியோ கம்பெனிக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் லைன் சூப்பர்வைசர் முகேஷ், நல்ல பையன்தான், தலையைச் சொறிந்துகொண்டே வந்தான். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க, கட்டர் இருக்கிற டேபிள் வேணாம், பேக்கிங்ல உக்காருங்க, பேஜாரு ஆயிடக் கூடாது" என்றான். நான் எட்டு வருஷமாகத் துணி வெட்டிய கட்டர். இப்போது அட்டைப்பெட்டி ஒட்டுகிறேன். சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் உட்காருகிறவர்கள் மெதுவாகப் பேசுகிறார்கள், குழந்தைக்குச் சொல்கிற மாதிரி. போன வாரம் நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சிரிப்பை நிறுத்திவிட்டேன். பிறகு எனக்கே சந்தேகம் வந்தது, நான் சிரித்தது கொஞ்சம் ஜாஸ்தியோ என்று. இது நீங்கள் எனக்குக் கொடுத்த வியாதி. இதற்கு முன்னால் எனக்கு இது இல்லை.

புகாரைத் திரும்பப் பெற மாட்டேன். என்னைப் பற்றி எழுதியதற்காக மட்டும் அல்ல. இன்னொருத்திக்கும் எழுதுவீர்கள் என்பதற்காக.

ஒரே ஒரு விஷயம் கேட்கிறேன். அறிக்கை இருக்கட்டும், கோர்ட் இருக்கட்டும். மோனிகாவிடம் உண்மையைச் சொல்லுங்கள். நான் சொன்னால் இப்போது அவள் நம்ப மாட்டாள். அப்படி ஆக்கிவைத்திருக்கிறீர்கள். உங்கள் வாயால் சொல்லுங்கள். அப்பா வரமாட்டார் என்று தெரியாத பிள்ளை ஒவ்வொரு வண்டியையும் எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அதுதான் ஆபத்து. அளவுகோல் எதுவும் இல்லாமலே எனக்குத் தெரிகிறது.

ரஞ்சிதம்


தொம்மலூர்
11 ஆகஸ்ட் 2024

ரஞ்சிதம்,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மோனிகா நன்றாக இருக்கிறாள். முழங்காலில் தோல் உரிந்திருக்கிறது, வேறு ஒன்றுமில்லை. எக்ஸ்ரே எடுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பள்ளியிலிருந்து ஸ்கூட்டரில் அழைத்து வந்துகொண்டிருந்தேன். பழைய ஏர்போர்ட் ரோடு சிக்னலில் நின்றோம். எதிர்ப்பக்கம் வெள்ளை டெம்போ டிராவலர் வந்தது. குணா ஓட்டிய வண்டி. பின் கண்ணாடியில் அவன் ஒட்டிய மஞ்சள் ஸ்டிக்கர் அப்படியே இருக்கிறது. நான் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள். "அப்பா துபாய்லேர்ந்து வந்துட்டாரு!" என்று கத்திக்கொண்டு ஸ்கூட்டரிலிருந்து குதித்து ஓடினாள். இந்தப் பக்கம் பச்சை சிக்னல் விழுந்துவிட்டது. ஒரு ஆட்டோ அவளை உரசிக்கொண்டு போனது. டிவைடரில் ஏறி இறங்கி அந்தப் பக்கத்துக்குள் போய்விட்டாள். கண்ணா பிரேக் போடாமல் இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை நான் உனக்கு எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

கண்ணா கதவைத் திறந்து இறங்கினான். அவள் அவனைத் தாண்டி டிரைவர் சீட்டைப் பார்த்தாள். அது காலியாக இருந்தது. "அப்பா எங்க?" என்று அவனைக் கேட்டாள். அவன் என் முகத்தைப் பார்த்தான். சுற்றிலும் ஹாரன், திட்டு. நான் அவளை டிவைடரில் உட்காரவைத்துச் சொன்னேன். "பாப்பா, அப்பா துபாய்ல இல்ல. அப்பா செத்துட்டாரு. இனிமே வரமாட்டாரு."

அவள் அழவில்லை. "அப்போ அம்மா சொன்னது நெஜமா?" என்றாள்.

"ஆமா."

"அப்போ அம்மாவுக்கு ஒண்ணும் இல்லியா?"

நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. வகுப்பில் இருபது வருஷமாக எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்கிறவள். "ஒண்ணும் இல்லடா" என்றேன். ஏழு வயதுப் பிள்ளையிடம் ரோட்டு நடுவில் உட்கார்ந்து அதைச் சொன்னேன்.

டென்சில் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. நாங்கள் நோயை முடிவு செய்யப் பயன்படுத்தும் கையேட்டை எடுத்துப் பிரித்து, எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த பக்கத்தை என்னையே படிக்கச் சொன்னார். துக்கம் நோயாகிவிட்டது என்று சொல்ல மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அது அந்த மனிதருடைய சமூகத்தின், மதத்தின் வழக்கத்தைத் தாண்டியதாக இருக்க வேண்டும். இறந்தவரின் குரல் கேட்பது துக்கத்தில் பலருக்கும் வருவது. மூன்றையும் நான் பரீட்சைக் கேள்வியாகவே கொடுத்திருக்கிறேன். "உன் மாணவி இந்த அறிக்கையை எழுதியிருந்தா எத்தனை மார்க் போடுவ?" என்றார்.

அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன் என்று நீதிமன்றத்துக்கு எழுதிவிட்டேன். நகல் இத்துடன் இருக்கிறது. அம்மா மனுவை வாபஸ் வாங்கக் கையெழுத்துப் போட்டாள். படிக்காமலே போட்டாள். நான் மோனிகாவிடம் சொன்னதிலிருந்து அம்மா என்னுடன் பேசுவதில்லை. தட்டு வைப்பதை மட்டும் நிறுத்தவில்லை. விடிந்ததும் நான் எடுத்துக் கழுவி வைக்கிறேன்.

வியாழக்கிழமை பள்ளி லீவு. அன்றைக்கு அவளை அழைத்து வருகிறேன்.

மமதா


பீன்யா
20 ஆகஸ்ட் 2024

மமதா அவர்களுக்கு,

மோனிகாவை அழைத்து வந்து விட்டதற்கு நன்றி சொல்லப் போவதில்லை. என் பிள்ளையை என்னிடம் கொடுத்ததற்கு நன்றி எதற்கு? கீழேயே நின்றுவிட்டுப் போய்விட்டீர்கள். அது நல்லதுதான். மேலே வந்திருந்தால் என் வாயிலிருந்து என்ன வந்திருக்கும் என்று எனக்கே தெரியாது.

நீதிமன்றத்துக்கு எழுதியதைப் பார்த்தேன். 'தொழில்முறைக் காரணங்களால் அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன்.' இவ்வளவுதான். அது என்ன தொழில்முறைக் காரணம்? என்னைப் பற்றி எழுத இரண்டு பக்கம் தேவைப்பட்டது. நீங்கள் எழுதியது தவறு என்று சொல்ல ஒரு வரிகூட மனசு வரவில்லையா? இந்த ஒரு வரியைக் கொண்டுபோய் முகேஷிடம் காட்டினால் என் கட்டரைத் திருப்பித் தருவானா? "காரணத்தால எடுத்திருக்காங்கக்கா, நோய் இல்லன்னு சொல்லலியே" என்பான். சரியாகத்தான் சொல்வான். டிவைடரில் பாப்பாவிடம் சொன்னீர்களே, "ஒண்ணும் இல்லடா" என்று, அதை நீதிபதியிடம் சொல்லுங்கள். அதே தலைப்புத் தாளில், கையெழுத்தோடு. அதுவரை கவுன்சிலில் புகார் நிற்கும்.

முழங்கால் ஆறிவிட்டது. ஆனால் வந்ததிலிருந்து மோனிகா அதிகம் பேசவில்லை. சாப்பிட்டாள், ஹோம்வொர்க் எழுதினாள், நான் போகிற இடமெல்லாம் பின்னாலேயே வந்தாள்.

நேற்றுச் சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவருடைய ஒரு சட்டையும் அதில் இருந்தது, நான் வீட்டில் போட்டுக்கொள்கிறேன். மோனிகா அதை எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தாள். "அப்பா வாசனையே இல்ல" என்றாள். பிறகு ஆரம்பித்தாள். அப்படி ஒரு அழுகையை நான் பார்த்ததில்லை. தரையில் புரண்டு, சுவரில் கையை அடித்து, "அப்பா, அப்பா" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி. நான் அவளைத் தூக்கவில்லை, வாயைப் பொத்தவில்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் கதவைத் தட்டும் சத்தம். பக்கத்து வீட்டு மரியா, கையில் கரண்டியோடு, பின்னால் இன்னும் இரண்டு பேர். "என்னாச்சு ரஞ்சிதம்? பாப்பா ஏன் இப்படிக் கத்துது? ஏதாச்சும் ஆயிடுச்சா, டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போலாமா?" என்றார்கள்.

"பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லக்கா" என்றேன். "அவ அப்பா செத்துட்டாரு."

ரஞ்சிதம்